செம்புத் தகடும் இரும்பாணியும்: கப்பற் கட்டுமானத்தில் மறைந்திருந்த குறையொன்றின் வரலாறு

கடலாதிக்கத்தின் வரலாறு பெரும்பாலும் கடற்போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தளபதிகளின் பெயர்களும் பீரங்கிகளின் எண்ணிக்கையும் நூல்களை நிரப்புகின்றன. ஆனால் ஒரு மரக்கப்பல் தன் வாழ்நாளிலே போரிட்ட நாட்கள் மிகச் சில; செப்பனிடும் துறையிலே கழித்த நாட்களோ மிகப் பல. கப்பலின் உண்மை நிலை கடலிலே தெரிவதில்லை. அது கரையேற்றப்பட்டு, அடிப்பாகத்தின் மூடுபலகைகள் கழற்றப்படும்போதே தெரிகின்றது. கட்டியவன் விட்ட குறையைச் செப்பனிடுபவனே முதலிற் காண்கின்றான். அவன் கண்டதை முடிவெடுக்கும் அதிகாரம் உடையோர் கேட்டனரா, கேட்டபின் நினைவில் வைத்திருந்தனரா என்பது வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாவாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களின் அடிப்பாகத்தைச் செம்புத் தகட்டினால் மூடிய நிகழ்ச்சி இவ்வினாவுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ஒரு குறையை நீக்க வந்த இவ்வுபாயம் மற்றொரு குறையைத் தன்னுள்ளே மறைத்துக்கொண்டிருந்தது.

கடல்நீரும் மரமும்

மரக்கப்பலின் அடிப்பாகத்துக்குப் பகைவர் இருவர். ஒன்று, மரம் துளைக்கும் புழு. வெப்பவலயக் கடல்களிலே பெருகும் இப்புழு, வெளியே சிறு துளையொன்றை மாத்திரம் இட்டு உட்புகுந்து, பலகையின் உள்ளே நீண்ட குடைவுகளை உண்டாக்கும். மேற்பரப்பைப் பார்ப்பவனுக்குப் பலகை நலமாகவே தோன்றும். மற்றையது, அடிப்பாகத்திற் படியும் பாசியும் கொட்டலசும். இவை கப்பலை உடைப்பதில்லை. ஆனால் அதன் வேகத்தைக் குறைத்துவிடும். பகைவனைத் துரத்தவோ பகைவனிடமிருந்து தப்பவோ இயலாத போர்க்கப்பலாற் பயனில்லை.

இவற்றைத் தடுப்பதற்குப் பழைய முறைகள் பல இருந்தன. மெல்லிய பலகைகளை மேலதிகமாக அடித்து, உள்ளே தாரும் விலங்கு மயிரும் வைத்துப் புழுவை ஏமாற்றினர். மீனெண்ணெய், குங்கிலியம், கந்தகம் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய வெண்பூச்சு பூசினர். இவையெல்லாம் குறுகிய காலமே நின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை கப்பலைத் துறையேற்றவோ, கரையிலே ஒருபக்கம் சாய்த்துச் சுரண்டவோ வேண்டியிருந்தது. இச்செலவும் தாமதமும் பெரியவை என்பது உண்மையே. எனினும் இம்முறையில் ஒரு நன்மையும் இருந்தது. அடிக்கடி துறையேறிய கப்பலின் அடிப்பாகத்தைத் தச்சரும், கலப்பத்துப் பார்ப்போரும் அடிக்கடி கண்ணாற் கண்டனர் என்பதே அது.

முதற் பரிசோதனையும் மறக்கப்பட்ட பாடமும்

உலோகத்தால் மூடும் முயற்சி செம்புடன் தொடங்கவில்லை. இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் காலத்தில், 1670ஆம் ஆண்டையடுத்து, உருளைகளால் அழுத்தித் தகடாக்கிய ஈயம் பயன்படுத்தப்பட்டது. ‘பீனிக்ஸ்’ என்னும் கப்பலைத் தொடர்ந்து வேறு பல கப்பல்களும் ஈயத் தகடு பெற்றன. சில ஆண்டுகளுள் முறைப்பாடுகள் எழுந்தன. இக்கப்பல்களின் சுக்கானைத் தாங்கும் இரும்புக் கொக்கிகளும் அடிப்பாகத்து ஆணித்தலைகளும் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் அரிக்கப்படுகின்றன எனத் துறையினர் கூறினர். தகடு செய்தோர் இதனை ஏற்கவில்லை. குற்றம் இரும்பினதே என வாதிட்டனர். வழக்கு இழுபட்டது, ஈயத்தகடு கைவிடப்பட்டது.

இங்கு ஓர் உண்மை நோக்கற்பாலது. கைவிடப்பட்டது பொருளேயன்றி, அதிலிருந்து பெறத்தக்க பாடம் பெறப்படவில்லை. ‘ஈயம் ஆகாது’ என்று மாத்திரமே நினைவிற் பதிந்தது. ‘கடல்நீரில் இரும்பை வேறொரு உலோகத்துடன் சேர்த்து வைத்தல் ஆகாது’ என்ற பொதுவிதி வகுக்கப்படவில்லை. இதன் விலை ஒரு நூற்றாண்டின் பின்னர் கொடுக்கப்பட்டது.

‘அலார்ம்’ கப்பலின் அறிக்கை

1761இல் ‘அலார்ம்’ என்னும் 32 பீரங்கிகளைக் கொண்ட போர்க்கப்பலின் அடிப்பாகம் பரிசோதனையாகச் செம்புத் தகட்டினால் மூடப்பட்டது. அது புழுவுக்குப் பெயர்பெற்ற மேற்கிந்தியக் கடல்களுக்கு அனுப்பப்பட்டது. 1763இல் கப்பல் திரும்பி வந்ததும் தகடுகள் கழற்றப்பட்டு ஆராயப்பட்டன.

பெறுபேறு இருவகையாக அமைந்தது. செம்பு தன் கடமையைச் செவ்வனே செய்திருந்தது. புழு தீண்டவில்லை, பாசி பற்றவில்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் உருத்தெரியாமல் அரிக்கப்பட்டுப் பசைபோலாகியிருந்தன. இன்னுமொன்றையும் ஆராய்ந்தோர் கண்டனர். சில இடங்களிலே தகட்டுக்கும் ஆணிக்கும் இடையே பழுப்புநிறக் கடதாசி அகப்பட்டிருந்தது. அவ்விடங்களிலே இரும்பு கெடாதிருந்தது.

மின்னைப் பற்றிய இரசாயன அறிவு பிறவாத காலம் அது. கல்வானியின் தவளைக்கால் ஆய்வு 1791இலேயே வெளிவந்தது. வோல்ற்றாவின் மின்கல அடுக்கு 1800இலேயே அமைந்தது. அவ்வாறிருந்தும், துறையிலே தகடு கழற்றியோர் தம் கண்ணால் மாத்திரம் நோக்கி, இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொடலாகாது என்ற முடிவுக்கு வந்தனர். கோட்பாடு பிறப்பதற்கு முன்னரே அனுபவம் சரியான விடையைக் கூறிவிட்டது. இவ்வறிக்கை கடற்படை நிருவாகத்தின் கைக்கு எட்டிய ஒன்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு அறியாமையைக் காரணங்காட்டுதல் இயலாது.

போரின் அவசரம்

அமெரிக்கக் குடியேற்றங்களின் கிளர்ச்சியாகத் தொடங்கிய போர், 1778இல் பிரான்சும், 1779இல் ஸ்பெயினும், 1780இன் இறுதியில் ஒல்லாந்தும் எதிரணியில் இடம்பெற்றதனால் உலகப் போராக விரிந்தது. பிரித்தானியாவின் கப்பற்றொகை போதவில்லை. புதிய கப்பல் கட்டுவதற்கு ஆண்டுகள் வேண்டும். இருக்கும் கப்பல்களை வேகப்படுத்தி, அவை துறையிலே கழிக்கும் காலத்தைக் குறைத்தால், அதுவே புதிய கப்பல்களைப் பெற்றதற்கு ஒப்பாகும். கடற்படைச் சபையின் தலைமை நிருவாகியாக 1778இற் பதவியேற்ற சார்ள்ஸ் மிடில்ற்றன் இவ்வாறே கணக்கிட்டார். அட்மிரால்டியின் தலைவரான சான்ட்விச் பிரபுவும் இணங்கினார். 1779 முதல் கடற்படை முழுவதற்கும் செம்புத் தகடிடும் பணி முடுக்கிவிடப்பட்டது.

‘அலார்ம்’ அறிக்கை கூறிய குறையை மிடில்ற்றன் அறியாதவரல்லர். ஆணித்தலைகளின் மீது பூச்சுப் பூசி, தடித்த கடதாசியைப் பரப்பி, அதன்மேற் செம்பை அடித்தால் நீர் உட்புகாது என்று அவர் நம்பினார். பரிசோதனையிலே தற்செயலாகக் கிடைத்த கடதாசியின் பாதுகாப்பு இவ்வாறு ஒரு முறையாக உயர்த்தப்பட்டது. 1782இன் தொடக்கத்துக்குள் 82 பெரும் போர்க்கப்பல்கள் உட்பட 300க்கும் அதிகமான கலங்கள் செம்புத் தகடு பெற்றுவிட்டன. அக்காலத்துத் தொழில்நிலையை நோக்கும்போது இது வியக்கத்தக்க சாதனையேயாகும்.

குறை எங்கே இருந்தது? தகட்டைப் பிணைக்கும் சிற்றாணிகளைச் செம்பினாற் செய்துவிடலாம். ஆனால் கப்பலையே பிணைத்து நிற்பவை வேறு. ஏரா எனப்படும் அடிமரத்தையும், வங்குகளையும், வெளிப்பலகைகளையும் ஊடுருவி உட்புறம்வரை செல்லும் நீண்ட, தடித்த இரும்பு ஆணிகள் அவை. ஒரு பெருங் கப்பலிலே இத்தகையவை ஆயிரக்கணக்கில் இருந்தன. பரந்த செம்புப் பரப்பும் சிறிய இரும்புத் தலையும் கடல்நீரால் இணைக்கப்படும்போது அழிவு முழுவதும் அச்சிறிய இரும்பின்மேற் குவிகின்றது. கடதாசி ஓரிடத்திற் கிழிந்தாலும் போதும், நீர் புகுந்துவிடும். அதன் பின்னர் ஆணி மரத்தினுள்ளேயே மெலிந்து போகும். வெளியிலே பளபளக்கும் செம்பைப் பார்ப்பவன் இதனை அறிய வழியில்லை.

அதனோடு, செம்பு துறையேறும் தேவையைக் குறைத்தது. அதுவே அதன் சிறப்பென மெச்சப்பட்டது. ஆனால் துறையேறுதல் குறைந்தபோது பார்வையிடுதலும் குறைந்தது. குறையை உண்டாக்கிய அதே பொருள் குறையைக் காணும் வாய்ப்பையும் குறைத்துவிட்டது. இவ்வுபாயத்தின் உண்மையான ஆபத்து இங்கேயே அடங்கியிருந்தது எனலாம்.

1782

1782ஆம் ஆண்டின் ஆகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களிலே நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளை ஒருசேர நோக்குதல் பயனுடையது.

முதலாவது, ஆகஸ்ட் 29இல் போட்ஸ்மத்துக்கு அண்மையிலுள்ள ஸ்பிற்ஹெட் நங்கூரத் தலத்தில் நிகழ்ந்தது. 100 பீரங்கிகளைக் கொண்ட ‘றோயல் ஜோர்ஜ்’ கப்பலை, நீர்க்கோட்டிற்குக் கீழே இருந்த நீர்க்குழாய் ஒன்றைச் செப்பனிடுவதற்காக ஒருபக்கம் சாய்த்திருந்தனர். கப்பல் சில நிமிடங்களுள் மூழ்கியது. மாலுமிகளும், அவர்களைக் காண வந்த பெண்களும் குழந்தைகளுமாக 800க்கும் அதிகமானோர் மாண்டனர். செம்புத் தகடிடுதலை ஆதரித்து வந்த அட்மிரல் கெம்பன்பெல்ற்றும் அவர்களுள் ஒருவர். இவ்விபத்தைச் செம்பின் விளைவென்று கூறுதல் பொருந்தாது. சாய்வு மிகையானமையால் பீரங்கிச் சாளரங்களினூடாக நீர் புகுந்தது என்பது ஒரு சாரார் கருத்து. ஆனால் இராணுவ நீதிமன்றம், கப்பலின் மரச்சட்டங்கள் உளுத்துப்போயிருந்தமையால் அடிப்பாகத்திற் பெரும்பகுதி விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் எனக் கருதி, உயிர்தப்பிய அதிகாரிகளைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. செம்புத் தகடு பெற்றிருந்த கப்பலொன்றின் உள்ளே இத்தகைய உளுப்பு இருந்தது என்று ஒரு நீதிமன்றமே கூறியமை கருதத்தக்கது.

இரண்டாவது நிகழ்ச்சி நமது கடற்கரையோடு தொடர்புடையது. அதே வாரத்தின் இறுதியிற் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் திருகோணமலைக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றினார். செப்ரெம்பர் 3இல் திருகோணமலைக்கு வெளியே ஹியூஸ் என்னும் பிரித்தானியத் தளபதியின் கடற்படையுடன் அவர் மோதினார். சுப்ரெனின் கப்பல்களிற் சில செம்புத் தகடு பெற்றவை. வேறு சில பெறாதவை. வேகம் ஒத்திராத கப்பல்களை ஓரணியாக நிறுத்துதல் அவருக்குத் தொடர்ந்து இடர் விளைத்தது. செம்பின் பயன் பொய்யன்று என்பதற்கு இது சான்று. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் சோழமண்டலக் கரையிற் கப்பல் தங்கத்தக்க துறைமுகம் இல்லை. திருகோணமலையின் மதிப்பு இதனாலேயே உயர்ந்தது. அத்துறையை இழந்த ஹியூஸ் தம் கப்பல்களைச் செப்பனிடப் பம்பாய்வரை செல்லவேண்டியதாயிற்று. ஏகாதிபத்தியங்கள் இத்துறைமுகத்தை நாடியமைக்குப் போரைப் போலவே கப்பல் பராமரிப்பும் காரணமாயிருந்தது என்பதை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு வற்புறுத்தவில்லை.

மூன்றாவது, செப்ரெம்பர் நடுப்பகுதியில் வட அத்திலாந்திக்கிலே வீசிய சூறாவளி. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பற்கூட்டம் அதிற் சிக்குண்டது. ‘றமிலீஸ்’, ‘சென்ரோர்’ ஆகிய பெரும் போர்க்கப்பல்களும், அவ்வாண்டிற் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்ட ‘வில் த பரீஸ்’, ‘குளோறியூ’ ஆகியவையும் அழிந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இத்தகைய சூறாவளியில் எக்கப்பலும் அழியலாம். ஒவ்வொரு இழப்புக்கும் ஆணியே காரணம் என்று தீர்ப்பளிக்க இயலாது. ஆயினும் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளும், துறையேறிய கப்பல்களிற் காணப்பட்ட மெலிந்த ஆணிகளும் கடற்படை நிருவாகத்தை அச்சத்தில் ஆழ்த்தின. சமாதானம் வந்ததும் செம்புத் தகட்டையே முற்றாகக் கைவிடுவதா என்ற கேள்வி எழுந்தது.

புதிய ஆணி

செம்பை விடாது இரும்பை விடுவதே இறுதியிற் கண்ட வழி. ஆனால் தூய செம்பு மென்மையானது. நீண்ட ஆணியாக்கிக் கடின மரத்துள் அறைந்தால் வளைந்துவிடும். 1783ஐ அண்டிய ஆண்டுகளில், செம்பைத் தவாளிப்புள்ள உருளைகளினூடாகக் குளிர்ந்த நிலையிற் செலுத்தி இறுக்கும் முறைகள் உருவாகின. அங்கிள்சித் தீவின் செப்புச் சுரங்கங்களோடு தொடர்புடைய தொமஸ் வில்லியம்ஸ் போன்ற தொழிலதிபர் இம்முயற்சிக்குப் பின்னணியில் நின்றனர். 1783இற் சிறிய கப்பல்களுடன் தொடங்கிய மாற்றம் 1786இற் பெருங் கப்பல்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஏற்கனவே கட்டப்பட்ட கப்பல்களின் ஆணிகளைக் கழற்றி மாற்றும் செலவு மிகப் பெரிது. நெப்போலியப் போர்களிலே பிரித்தானியக் கப்பல்கள் நீண்டகாலம் கடலில் நிற்க முடிந்தமைக்கு இம்மாற்றமும் ஒரு காரணம்.

விஞ்ஞான விளக்கம் பின்னரே வந்தது. 1824இல் சேர் ஹம்பிரி டேவி, செம்பும் இரும்பும் கடல்நீரில் ஒரு மின்கலம்போல் இயங்குகின்றன எனக் காட்டினார். அவர் இவ்வுண்மையையே மறுபக்கமாகப் பயன்படுத்தினார். இரும்போ நாகமோ கொண்ட சிறு கட்டிகளைச் செம்புத் தகட்டோடு வேண்டுமென்றே இணைத்தால், அக்கட்டிகள் கரைந்து செம்பைக் காக்கும். கேரளத்துக் கொச்சியிலே தேக்கினாற் கட்டப்பட்ட ‘சமறாங்’ என்னும் கப்பலில் இது பரிசோதிக்கப்பட்டது. செம்பு கரையாது நின்றது. ஆனால் பாசியும் கொட்டலசும் மீண்டும் வந்து பற்றிக்கொண்டன! செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாவதனாலேயே உயிர்கள் அதை அணுகாதிருந்தன; கரைவது நின்றதும் காவலும் நின்றது. ஆய்வுகூடத்தில் வெற்றி பெற்ற உபாயத்தின் குறையையும் துறையிலே கப்பலைச் சுரண்டியோரே கண்டனர். அட்மிரால்டி அக்கட்டிகளை அகற்றிவிட்டது.

இந்துமாக்கடலின் வேறொரு வழி

இவ்விடத்தில் நமது கடலின் மரபொன்றையும் ஒப்புநோக்குதல் தகும். அராபியக் கரை முதற் சோழமண்டலக் கரைவரை பலகைகளைக் கயிற்றினாற் பிணைத்துத் தைத்த கலங்கள் பன்னூற்றாண்டுகள் வழங்கின. சென்னைக் கரையின் அலைகளைக் கடந்த மசூலாப் படகுகளும், இலங்கையின் தென்மேற்குக் கரையில் வழங்கிய ‘யாத்ரா’ என்னும் வணிகக் கலமும் இவ்வகையின. கடலிலுள்ள காந்த மலைக்கு அஞ்சியே இம்மக்கள் இரும்பை விலக்கினர் என்றொரு கதை உண்டு. ஆறாம் நூற்றாண்டினரான புரோகோப்பியஸ் அக்கதையை எடுத்துக்கூறி மறுத்துமுள்ளார்.

தைத்த கலம் குறையற்றதன்று. தும்புக் கயிறு நைந்துபோகும். உரிய காலத்திற் பிரித்துத் தைத்தல் வேண்டும். பீரங்கியின் பாரத்தை அது தாங்காது. ஆயினும் அதன் குறை வெளிப்படையானது. கயிறு நைவதைக் கண் காணும், கை உணரும். பிரித்துப் பார்த்தல் அதன் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. செம்பு மூடிய ஐரோப்பியக் கப்பலோ பிரித்துப் பாராதிருத்தலையே தன் சிறப்பாகக் கொண்டது. எது உயர்ந்தது என்று தீர்ப்பளித்தல் நமது நோக்கமன்று. ஒவ்வொரு அமைப்பும் தன்னைப் பராமரிப்பவனுக்கு எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என்பதும் தொழினுட்ப வரலாற்றின் ஓர் அளவுகோல் ஆதல் வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுகின்றது.

முடிவுரை

இவ்வரலாறு மரக்கப்பலோடு முடியவில்லை. 1915இல் அமெரிக்கச் செல்வர் ஒருவருக்காகக் கட்டப்பட்ட ‘சீ கோல்’ என்னும் உல்லாசப் பாய்க்கப்பலின் உடல், கடல்நீருக்கு அசையாத ‘மொனெல்’ என்னும் நிக்கல்–செம்புக் கலப்புலோகத் தகட்டினால் ஆனது. அதன் சட்டங்களோ உருக்கு. உருக்கு விரைவில் அரிக்கப்பட்டமையால் அப்புதுக் கப்பல் உடைத்து விற்கப்பட்டது. ‘அலார்ம்’ தகடு பெற்று 250 ஆண்டுகள் கழிந்த 2011இல், ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் ‘இன்டிபென்டன்ஸ்’ என்னும் புதிய போர்க்கப்பலின் அலுமினிய உடலில், உருக்கினாலான செலுத்துகருவிகளை அடுத்துக் கடும் அரிப்புக் காணப்பட்டது. டேவியின் கொள்கைவழி வந்த மின்காப்பு அமைப்பு அக்கப்பலின் ஆரம்பத் திட்டத்திற் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. இம்முறை அறிவு பாடநூல்களில் இருந்தது. எனினும் தேவையான இடத்தில் இருக்கவில்லை.

ஈயத்தகட்டின் காலத்திலும், ‘அலார்ம்’ துறையேறிய காலத்திலும், 1782இலும், நமது காலத்திலும் மீண்டும் மீண்டும் தோன்றும் இக்குறை ஒரு தனிப்பொருளின் குறையன்று. செம்பு நல்லது, இரும்பும் நல்லது. குறை அவை சேரும் இடத்தில் இருக்கின்றது. சேருமிடத்தைத் திட்டமிடுவோன் வரைபடத்திற் காண்பதில்லை, கழற்றுவோனே காண்கின்றான். அவனது சாட்சியம் போரின் அவசரத்தினாலும், புதுமையின் கவர்ச்சியினாலும், பதவியின் உயரத்தினாலும் பலமுறை ஒதுக்கப்பட்டது. அவ்வாறு ஒதுக்கப்பட்டபோது விலை கொடுத்தோர் முடிவெடுத்தவரல்லர். கப்பலின் அடித்தளத்திலே உறங்கிய மாலுமிகளே.

ஆகவே, துறைகளின் பரிசோதனை அறிக்கைகளும், செப்பனிட்ட கணக்குகளும், தச்சரின் முறைப்பாடுகளும் தளபதிகளின் கடிதங்களுக்குச் சற்றும் குறையாத வரலாற்று மூலங்களாகும். கடல்வழி வாழ்ந்த சமூகமொன்றின் வரலாற்றை எழுதப் புகும் நம்மவர் தோணி கட்டியோரை மாத்திரமன்றி, ஆண்டுதோறும் அதைக் கரையேற்றிக் கலப்பத்துப் பார்த்தோரின் அறிவையும் தேடித் தொகுத்தல் வேண்டும். அவ்வறிவு ஏட்டில் எழுதப்படாதது. அதனை உடையோர் மறைந்தபின் மீட்க இயலாதது.